இரண்டு வரியை எடுத்தார்கள், ஒரு வருடம் போனது: லினக்ஸ் கெர்னலும் இசட்எஃப்எஸ்ஸும்

இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலின் 5.0 பதிப்பு 2019 மார்ச்சில் வெளிவந்தபோது அதில் சின்ன பேட்ச் (திருத்தம்) ஒன்று இருந்தது. எக்ஸ்86 சிப்பில் தசமக் கணக்குப் போடும் பகுதியான எஃப்பியூவைக் கெர்னலுக்குள்ளிருந்து பயன்படுத்த உதவும் இரண்டு ஃபங்ஷன்களை அது மூடியது. அதுவரை, கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் நிரல் துண்டான எந்த மாட்யூல் வேண்டுமானாலும் அவற்றைக் கூப்பிடலாம். பேட்ச் போட்ட செபாஸ்டியன் சீவியோர் காரணத்தையும் எழுதியிருந்தார். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம் அவற்றை எப்போதோ விட்டுவிட்டது. கடைசியாக மிஞ்சியிருந்தது, இயந்திரத்தைத் துவக்கும் ஃபர்ம்வேரான இஎஃப்ஐ தொடர்பான நிரல்தான், அதையும் வேறு ஃபங்ஷனுக்கு மாற்றியாயிற்று. ஆகவே இனி வெளியே காட்டத் தேவையில்லை என்றார். கெர்னலுக்குள் மட்டும் தேடிப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் வெளியே ஒரு ஆள் இருந்தது. டிஸ்கில் டேட்டாவை வைத்துப் பராமரிக்கும் ஃபைல்சிஸ்டமான இசட்எஃப்எஸ்தான் அது.

கெர்னலுக்கு வெளியே வளரும் ஸ்டோரேஜ் மென்பொருளுக்காகக் கெர்னல் வளைந்துகொடுக்க வேண்டுமா என்ற பழைய சண்டை இதனால் மறுபடி கிளம்பியது. இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன என்பது என் எண்ணம். உள் இடைமுகங்களை மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்று வெளியாட்களுக்கு வாக்குக் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். ஏற்கெனவே இருக்கும், எல்லோருக்கும் பொதுவான, பாதுகாப்பான வழியை உரிமத்தைக் காட்டி மறுக்க வேண்டுமா? அதுவும் வேண்டாம். 2019-இல் நடந்ததைப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்துப் பேசாததன் விலை தெரியும்.

வெளியே நிற்பது எப்படி வந்தது

இசட்எஃப்எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் 2001 வாக்கில் தொடங்கிய வேலை. ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரென்ஸ் இருவரும் தொடங்கியது. டிஸ்குகளைச் சேர்த்துக் கட்டும் வால்யூம் மேனேஜர் தனி, அதன்மேல் ஃபைல்சிஸ்டம் தனி என்று இல்லாமல் இரண்டையும் ஒன்றாக்கியது. எழுதும் ஒவ்வொரு பிளாக்குக்கும், டேட்டா கெட்டதா என்று காட்டும் செக்சம் போட்டது. 2005-இல் சன்னின் இயங்குதளமான சோலாரிஸின் மூலநிரலோடு சேர்ந்து சிடிடிஎல் என்ற உரிமத்தில் வெளியே வந்தது. திறந்த உரிமம்தான். ஆனால் கெர்னலின் உரிமமான ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்போடு அது ஒத்துப்போவதில்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. இரண்டையும் கலந்து ஒரே நிரலாக வெளியிட முடியாது. சன் இதை வேண்டுமென்றே செய்ததா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. 2010-இல் சன் ஆரக்கிள் கைக்குப் போனது, உரிமத்தை மாற்றும் அதிகாரமும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

லினக்ஸுக்கு அதைக் கொண்டுவந்தது பொழுதுபோக்காகச் செய்த யாரோ அல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம், 2008-இல், பிரையன் பெலெண்டார்ஃப் தலைமையில். சூப்பர்கம்ப்யூட்டர்களுக்கு லஸ்டர் என்ற பரவல் ஃபைல்சிஸ்டம் ஓட்டிக்கொண்டிருந்த அவர்களுக்கு, அதன் அடியில் டேட்டாவை நம்பி வைக்க ஒன்று வேண்டியிருந்தது. 2012-இல் உலகின் முதலிடத்தைப் பிடித்த செக்கோயா இயந்திரத்தின் 55 பெட்டாபைட் ஸ்டோரேஜ் இதன்மேல்தான் நின்றது. சோலாரிஸ் கெர்னலின் இடைமுகங்களை லினக்ஸ் இடைமுகங்களாக மாற்றித்தரும் எஸ்பிஎல் என்ற படலத்தைத் தனி மாட்யூலாக எழுதி, அதன்மேல் இசட்எஃப்எஸ்ஸை ஏற்றினார்கள். 2013-இல் 0.6.1 வந்தபோது அன்றாட வேலைக்கு ஆகும் என்று சொன்னார்கள்.

2016-இல் உபுண்டு 16.04 இந்த மாட்யூலைத் தொகுத்த வடிவிலேயே சேர்த்துக் கொடுத்தது. அது ஜிபிஎல் மீறல் என்று சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி வெளிப்படையாக எழுதியது. உபுண்டுவை வெளியிடும் கனோனிகல் நிறுவனம் தன் வழக்கறிஞர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள் என்றது. அதோடு அது அப்படியே நிற்கிறது.

ஜிபிஎல் முத்திரை

கெர்னல் தன் ஃபங்ஷன்களை மாட்யூல்களுக்கு இரண்டு விதமாகத் திறந்துவிடும். ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று, தன் உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் என்று அறிவித்துக்கொண்ட மாட்யூல்களுக்கு மட்டும். இந்த இரண்டாவது வகை முத்திரை குத்திய ஃபங்ஷனை இசட்எஃப்எஸ் கூப்பிட்டால் மாட்யூல் ஏறவே ஏறாது. இசட்எஃப்எஸ் போட்ட சர்வரில் கெர்னல் லாகைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வரி மனப்பாடம்: மாட்யூலின் உரிமம் சிடிடிஎல், அது கெர்னலைக் கறைப்படுத்துகிறது, அதனால் பூட்டுகளில் (லாக்) பிழை தேடும் வசதியை நிறுத்துகிறேன். எச்சரிக்கைதான். ஆனால் அப்படிக் கறைப்பட்ட கெர்னலில் வரும் பக்கைப் பற்றிப் புகார் எழுதினால், முதலில் அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டு வா என்பார்கள்.

இந்த முத்திரையின் தத்துவம் என்னவென்றால், கெர்னலின் வயிற்றுக்குள் கைவிட்டு வேலை செய்யும் ஃபங்ஷனைப் பயன்படுத்தும் எதுவும் கெர்னலிலிருந்து பிறந்த நிரலாகவே இருக்க முடியும், அதனால் ஜிபிஎல் அதையும் கட்டும் என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் எந்த ஃபங்ஷனுக்கு முத்திரை என்று முடிவுசெய்வது அதை எழுதியவரோ பராமரிப்பவரோதான். அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உள் இடைமுகங்கள் மாறாது என்று லினக்ஸ் எவருக்கும் எப்போதும் வாக்குக் கொடுத்ததில்லை. பயனர் புரோகிராம்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை (சிஸ்டம் கால்) உடைக்கவே மாட்டார்கள். உள்ளே எதை வேண்டுமானாலும், எந்தப் பதிப்பில் வேண்டுமானாலும் மாற்றுவார்கள். நிலையான உள் இடைமுகம் கேட்பது அபத்தம் என்று, கெர்னலின் முக்கியப் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் குரோவா ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கெர்னல் மூலத்தோடேயே வருகிறது. மாட்யூலை உள்ளே கொண்டுவா, மாற்றும்போது உன்னுடையதையும் சேர்த்து நாங்களே மாற்றித்தருகிறோம் என்பது அதன் சாரம். ஜிபிஎல்லில் இருக்கும் டிரைவருக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. இசட்எஃப்எஸ்ஸுக்கு உள்ளே வரும் வழியே கிடையாது.

அடுப்பு இரவல்

அந்த இரண்டு ஃபங்ஷன்கள் என்ன செய்தன என்று பார்த்தால்தான் விவகாரத்தின் கனம் புரியும்.

ரிஜிஸ்டர் என்பது சிப்புக்குள் எண்களை வைக்கும் சின்ன இடம். சிப்பின் எஃப்பியூ ரிஜிஸ்டர்களிலும், பல எண்களை ஒரே வீச்சில் கையாளும் வெக்டர் ரிஜிஸ்டர்களிலும் எப்போதும் ஏதாவது ஒரு பயனர் புரோகிராமின் எண்கள் கிடக்கும். கெர்னல் தன் வேலைக்கு அவற்றைப் பொதுவாகத் தொடுவதில்லை. தொட வேண்டுமென்றால் அடுத்தவர் சமைத்துக்கொண்டிருக்கும் அடுப்பை நடுவில் இரவல் வாங்குவது மாதிரி: பாத்திரத்தைப் பத்திரமாக இறக்கி வைத்து, நம் வேலையை முடித்து, இருந்தபடியே திரும்ப ஏற்றிவிட வேண்டும். தொடங்கும் ஃபங்ஷன் ரிஜிஸ்டர்களை எடுத்து வைக்கும், முடிக்கும் ஃபங்ஷன் விட்டுக்கொடுக்கும். இதில் இரண்டு ஜோடி இருந்தன. பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்ட அடிப்படை ஜோடி எல்லோருக்கும் திறந்திருந்தது. அதே வேலையைக் கூடுதல் பாதுகாப்போடு செய்யும் அடிக்கோடு இல்லாத ஜோடிக்கு ஜிபிஎல் முத்திரை. இசட்எஃப்எஸ் முதல் ஜோடியை நம்பியிருந்தது, ஏனென்றால் இரண்டாவதைத் தொட முடியாது. 5.0 அந்த முதல் ஜோடியை எடுத்துவிட்டது.

இசட்எஃப்எஸ்ஸுக்கு வெக்டர் ரிஜிஸ்டர் எதற்கு? செக்சத்துக்கு, டிஸ்க் போனால் டேட்டாவை மீட்க உதவும் ரெய்டு இசட் பாரிட்டி கணக்குக்கு, என்கிரிப்ஷனுக்கு. வழக்கமான செக்சமான ஃபிளெட்சர் 4-க்கு வெக்டர் இல்லாத வழியும் ஓரளவு வேகமாகவே ஓடும், அதனால் அங்கே பெரிய அடி இல்லை. டிஸ்க் ஒன்று போய், பாரிட்டியிலிருந்து டேட்டாவைத் திரும்பக் கட்டும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். மோசமான அடி என்கிரிப்ஷனுக்குத்தான். சிப்பிலேயே இருக்கும் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் முறைக்கான கட்டளைகள் வெக்டர் ரிஜிஸ்டர்களில்தான் வேலை செய்யும். ரிஜிஸ்டரைத் தொட முடியாவிட்டால் அந்தக் கட்டளைகளும் இல்லை, எல்லாம் சாதாரண நிரலில் அட்டவணை பார்த்துக் கணக்குப்போட வேண்டியதுதான். 2019 மே மாதம் வந்த இசட்எஃப்எஸ் 0.8.0 பதிப்பின் தலைப்புச் செய்தியே உள்ளமைந்த என்கிரிப்ஷன்தான். அதே பதிப்பு, புதிய கெர்னலில், இந்த வெக்டர் (எஸ்ஐஎம்டி) வசதி மொத்தமும் அணைக்கப்பட்ட நிலையில் போனது. நேரம் இதைவிடக் கெட்டதாக அமைந்திருக்க முடியாது.

நம் இயந்திரத்தில் என்ன நிலை என்று பார்ப்பது சுலபம். சிஸ் கோப்பகத்தில் மாட்யூல் பாராமீட்டர்களுக்குள் ஃபிளெட்சர் 4-க்கு எந்த வழி என்று காட்டும் கோப்பு இருக்கிறது. ஆரோக்கியமான சர்வரில் ஸ்கேலர், சூப்பர்ஸ்கேலர், எஸ்எஸ்இ2, எஸ்எஸ்எஸ்இ3, ஏவிஎக்ஸ்2 என்று வரிசையாக வரும். 5.0-க்குப் போன இயந்திரத்தில் சூப்பர்ஸ்கேலரோடு பட்டியல் நின்றுவிடும், வெக்டர் வழிகள் இருக்காது. பிழைச் செய்தி இல்லை, லாகில் சிவப்பு இல்லை. அப்டேட் போட்ட பிறகு சிபியு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று யாராவது கேட்டால்தான் உண்டு.

கேட்டார்கள், மறுத்தார்கள்

5.0 வெளிவருவதற்கு முன்பே, 2019 ஜனவரியில், கெர்னல் ஆட்களிடம் இது போய்ச் சேர்ந்தது. அடிக்கோடு ஜோடியை எடுங்கள், பரவாயில்லை. மற்ற ஜோடியின் ஜிபிஎல் முத்திரையையாவது எடுத்துவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. கிரெக் குரோவா ஹார்ட்மனின் பதில் மழுப்பலே இல்லாதது: இசட்எஃப்எஸ் மேல் எனக்குச் சகிப்புத்தன்மை கிட்டத்தட்டக் கிடையாது, தங்கள் நிரல் லினக்ஸில் ஓடக் கூடாது என்று சன்னே நினைத்தது, பிறகு அதை ஓடவைக்க நாங்கள் ஏன் கூடுதல் வேலை பார்க்க வேண்டும்?

இந்தப் பதிலில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கூடுதல் வேலை பார்க்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஆனால் இங்கே கேட்கப்பட்டது கூடுதல் வேலையா? ஒரு வார்த்தையை எடுப்பது. அந்த ஃபங்ஷன் செய்வது ரிஜிஸ்டரை எடுத்துவைப்பதும் விட்டுக்கொடுப்பதும். அதைக் கூப்பிட்டதனாலேயே 2001-இல் சோலாரிஸுக்கு எழுதிய ஃபைல்சிஸ்டம் லினக்ஸிலிருந்து பிறந்ததாகிவிடும் என்று சொன்னால் யாரும் சிரிக்காமல் தலையாட்ட மாட்டார்கள். வேறொரு யூனிக்ஸுக்கு எழுதி லினக்ஸுக்குப் பெயர்த்த ஆண்ட்ரூ ஃபைல்சிஸ்டம் போன்றவை உரிம விஷயத்தில் தெளிவில்லாத பகுதி என்று, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2003-இல் சொன்னதுண்டு.

இதைவிட என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. அதே மாற்றம் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளான 4.14.120, 4.19.38 இரண்டுக்கும் இறங்கியது. 5.0-க்குப் போகாமல் பழைய கெர்னலிலேயே பாதுகாப்பாக இருக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கும், வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டோடு சேர்ந்து வேகம் போனது. உள் இடைமுகம் எந்தப் பதிப்பிலும் மாறலாம் என்பது விதி. சரி. ஆனால் நீண்டகால ஆதரவு என்ற பெயரை நம்பி சர்வர் நடத்துபவர் எதிர்பார்ப்பது வேறு.

நிக்ஸ்ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் தொகுப்பின்) ஆட்கள் நேர்வழியில் போனார்கள். தங்கள் கெர்னலில் ஒரு பேட்ச் போட்டு ஃபங்ஷனைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். சொந்தக் கெர்னலைத் திருத்திக்கொள்ள ஜிபிஎல்லே உரிமை தருகிறது. ஆனால் எல்லா டிஸ்ட்ரோக்களும் அதைச் செய்யப் போவதில்லை. எஸ்பிஎல் படலம் ஜிபிஎல்லில் இருக்கிறதே, அதன் வழியாக முத்திரை குத்திய ஃபங்ஷனை வளைத்துக் கூப்பிடலாமே என்றும் யோசனை வந்தது. இசட்எஃப்எஸ் குழு அந்தக் குறுக்குவழியில் இறங்கவில்லை. நல்ல முடிவு. 2020-இல் கெர்னல் 5.9, இப்படி இடையில் ஜிபிஎல் மாட்யூலை நிறுத்தி ஏய்ப்பதைத் தடுக்கத் தனிச் சோதனையே கொண்டுவந்தது.

கையால் செய்த எஃப்பியூ

மிஞ்சியது ஒரே வழி: ரிஜிஸ்டரை எடுத்துவைத்துத் திரும்ப ஏற்றும் வேலையை இசட்எஃப்எஸ்ஸே செய்துகொள்வது. இந்த இடத்தில்தான் கொள்கைச் சண்டை, சம்பந்தமே இல்லாத பயனரின் கணக்கில் வந்து விழுந்தது.

2019 ஜூலையில் போட்ட முதல் திருத்தத்தின் தர்க்கம் அழகானது. கெர்னலுக்கென்றே ஓடும் திரெட்களுக்கு (தனித்தனி வேலை இழைகளுக்கு) பயனர் பக்கம் என்று ஒன்று இல்லை, எனவே எடுத்துவைக்க எதுவும் இல்லை. வெக்டர் வேலை எல்லாவற்றையும் அந்தத் திரெட்களுக்குத் தள்ளு, நடுவில் குறுக்கீடு வராமல் இன்டரப்டை அணை, பயனர் திரெட் திரும்பி வரும்போது கெர்னல் அதன் ரிஜிஸ்டர்களைத் தானே ஏற்றிக்கொள்ளும். 5.0, 5.1 இரண்டுக்கும் இது போதும் என்று கணக்கு. 5.2-இல் கெர்னல் தன் எஃப்பியூ நிரலை மாற்றி எழுதியது. பயனர் பக்கம் திரும்பும் கடைசி நொடியில்தான் ரிஜிஸ்டரை ஏற்றும். நடுவில் யாரும் தொடவில்லை என்று தனக்குத் தோன்றினால் ஏற்றாமலே விட்டுவிடும். தொட்டாயிற்று என்று கெர்னலுக்குச் சொல்ல ஒரு குறிப்பு மாறி இருக்கிறது. அதுவும் எஃப்பியூ நிரலின் சொந்தச் சொத்து, மாட்யூல்களுக்குக் கிடைக்காது. எனவே 5.2 முதல் இசட்எஃப்எஸ் தானே எடுத்துவைத்துத் தானே ஏற்றியது. செப்டம்பரில் 0.8.2-இல் இது வெளியே போனது.

அக்டோபரில் அடுத்த திருத்தம். ஆரம்பச் சோதனையில் நினைத்ததற்கு மாறாக, கெர்னல் ரிஜிஸ்டர்களைக் கட்டாயம் திரும்ப ஏற்றும் என்று நம்ப முடியாது. நாம் எடுத்துவைத்த நிலையைக் கெர்னல் இடையில் மாற்றாது என்றும் உறுதியில்லை என்று அதன் குறிப்பே சொல்கிறது. பச்சையாகச் சொன்னால், அந்தச் சர்வரில் ஓடும் ஏதோ ஒரு புரோகிராமின் ரிஜிஸ்டரில் இசட்எஃப்எஸ் விட்டுச்சென்ற எண்கள் இருக்கலாம். அந்தப் புரோகிராமை எழுதியவருக்கு ஃபைல்சிஸ்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் எத்தனை நாள் தேடினாலும் தன் நிரலில் தப்பைக் கண்டுபிடிக்க மாட்டார். ஒவ்வொரு சிபியுவுக்கும் இசட்எஃப்எஸ்ஸே தனி இடம் ஒதுக்கி அதில் எடுத்துவைக்கும் முறைக்கு மாறிய பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. அது 0.8.3-ஆக 2020 ஜனவரியில் வந்தது.

கெர்னலிடம் சரியாக வேலை செய்யும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. அதை மறுத்ததால், அதன் நகலை வெளியாட்கள், உள்விவரம் முழுதும் தெரியாமல், கையால் எழுத வேண்டிவந்தது. எழுதியவர்கள் தப்புச் செய்தார்கள் என்பது உண்மை. அந்த நிலைக்குத் தள்ளியதில் ஜிபிஎல்லுக்கு ஒரு காசு லாபம் வந்ததா என்றால் இல்லை.

லினஸ் சொன்னதும் சொல்லாததும்

அதே 2020 ஜனவரியில் லினஸ் தன் பக்கத்தைச் சொன்னார். இசட்எஃப்எஸ் மாதிரி மாட்யூலை ஏற்றுபவர் அவர் பாடு, அதை நான் பராமரிக்க முடியாது, பிறர் நிரலுக்காக என் கையைக் கட்டிக்கொள்ளவும் முடியாது, ஆரக்கிளின் தலைமை வழக்கறிஞரோ அதன் நிறுவனர் லாரி எலிசனோ கையெழுத்திட்ட கடிதம் வரும்வரை உள்ளே சேர்க்கும் பேச்சே இல்லை, இசட்எஃப்எஸ் பயன்படுத்தாதீர்கள். ஜாவா இடைமுகங்களுக்காக ஆரக்கிள் கூகுள்மேல் போட்ட வழக்கு அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அவருடைய பயம் வெறும் வீம்பு அல்ல. இசட்எஃப்எஸ்ஸுக்குப் பின்னால் பராமரிப்பு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அது தப்பு. அந்த ஆண்டு நவம்பரிலேயே லினக்ஸுக்கும் இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே மூலத்திலிருந்து, இசட்எஃப்எஸ்ஸின் திறந்த வடிவமான ஓபன்இசட்எஃப்எஸ் 2.0 வந்தது.

கையைக் கட்டிக்கொள்ள முடியாது என்ற வாதம் மட்டும் எனக்கு முழுக்க உடன்பாடு, அதற்கு ஸ்டோரேஜ் வரலாற்றிலேயே ஆதாரம் இருக்கிறது. 2002-இல் ஐபிஎம்மின் இவிஎம்எஸ் குழு, வால்யூம் மேலாண்மை மொத்தத்தையும் கெர்னலுக்குள் வைக்கும் பெரிய நிரலோடு வாசலில் நின்றது. கெர்னல் அதை எடுக்காமல் சிஸ்டினா நிறுவனத்தின் டிவைஸ் மேப்பரை எடுத்தது. ஒரு பிளாக் எண்ணை இன்னொரு பிளாக் எண்ணாக மாற்றித்தரும் சின்ன இயந்திரம் அது, புத்தி எல்லாம் வெளியே பயனர் கருவிகளில். இவிஎம்எஸ் குழு அந்த நவம்பரிலேயே தன் கெர்னல் பகுதியைக் கைவிட்டு, கருவிகளை டிவைஸ் மேப்பர்மேல் மாற்றிக் கட்டியது. இன்று லினக்ஸின் வால்யூம் மேனேஜரான எல்விஎம்மும் டிஸ்க் என்கிரிப்ஷனும் அதன்மேல்தான் ஓடுகின்றன. வெளியாட்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருந்தால் அது கிடைத்திருக்காது.

பிகேஷ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்தின் கதை வேறு கோணம் காட்டுகிறது. கெர்னல் 6.7-இல் உள்ளே வந்து, 6.17-இல் வெளியே பராமரிக்கப்படுவது என்று குறிக்கப்பட்டு, 6.18-இல் மூலத்திலிருந்தே எடுக்கப்பட்டது. இப்போது அதுவும் இசட்எஃப்எஸ் மாதிரி தனி மாட்யூலாகத்தான் வருகிறது. ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல். முத்திரை குத்திய எந்த ஃபங்ஷனையும் அது கூப்பிடலாம். கெர்னலுக்கு வெளியே இருப்பது ஒரு சிரமம் என்றால், வேறு உரிமத்தோடு வெளியே இருப்பது வேறு சிரமம். இரண்டையும் ஒரே பெயரில் பேசுவதால்தான் வாதம் முடிவதே இல்லை.

இப்போது

எக்ஸ்86-இல் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆர்ம் 64-பிட் சிப்கள் பக்கம் கெர்னல் 6.2-இல் அதே கதை திரும்ப நடந்தது: நியான் வெக்டர் ரிஜிஸ்டர்களைத் திறக்கும் ஃபங்ஷனுக்கு ஜிபிஎல் முத்திரை விழுந்தது, இசட்எஃப்எஸ் அங்கேயும் வெக்டர் வழியை அணைக்க வேண்டிவந்தது.

சர்வர் நடத்துபவர்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்றுதான். ஓபன்இசட்எஃப்எஸ் மூலத்தில் மெட்டா என்ற கோப்பில் அந்தப் பதிப்பு தாங்கும் அதிகபட்ச கெர்னல் எண் எழுதியிருக்கும். 2.3 முதல், அந்த எண்ணைத் தாண்டிய கெர்னலில் தொகுக்கப் போனால், சோதனை முயற்சி என்று நாமே சொல்லி அனுமதித்தால் தவிர, தொகுப்பு நின்றுவிடும். புதிய கெர்னல் வரும்போதெல்லாம் மாட்யூலைத் தானே தொகுக்கும் டிகேஎம்எஸ் வழியாக மாட்யூல் ஓட்டுபவர்கள் கெர்னல் பேக்கேஜைப் பிடித்து நிறுத்திவைத்து, அந்த எண் ஏறிய பிறகு விடுவிப்பதே நல்லது. ரூட் பார்ட்டிஷனே இசட்எஃப்எஸ் என்றால் இதில் விதிவிலக்கே வேண்டாம், ஏனென்றால் மாட்யூல் தொகுக்காமல் போன அன்று ரீபூட் செய்தால் இயந்திரம் தன் டிஸ்கையே பார்க்காது. பழைய கெர்னல் ஒன்றை பூட் மெனுவில் விட்டுவைத்திருந்தால் அதில் ஏறிச் சரிசெய்துகொள்ளலாம்.